குடைக்கல் குளித்த நாள்

கினிகத்தேனை பஸ்ஸிலிருந்து எங்கள் முடக்கில், தெரு வளைகிற இடத்தில், இறங்கியதும் நான் முதலில் நிமிர்ந்து பார்ப்பது குடைக்கல்லைத்தான். தேயிலை மலைக்கு மேலே, குடை பிடித்தது போல முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிற பெரிய பாறை அது. கறுப்பும் பச்சையுமாக, எந்த நேரமும் ஈரமாக இருக்கும்.

அன்று காலை அது வெள்ளையாக இருந்தது.

பனிமூட்டத்துக்குள் யாரோ வேட்டி காயப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு, என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். வலது கண்ணில் புரை வளர்கிறது, டாக்டர் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார், எப்போது பார்ப்பார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பனி விலகியது.

பாசி இல்லை. புல் இல்லை. மொட்டையடித்துக் குளிப்பாட்டிய பிள்ளையைப் போலப் பாறை பளபளவென்று நின்றது. போதாததற்கு அடிவாரம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

பேத்தியின் காதுகுத்துக்கு நானும் மனைவியும் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு இரவு தங்கியதற்கு இந்தத் தண்டனையா? அன்று காலைதான் அந்தப் பாறையைப் பார்க்க இரண்டு அதிகாரிகள் கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. சரியாகச் சொன்னால், பாறையில் முளைத்திருப்பதைப் பார்க்க.

அதைத்தான் சுரண்டி எறிந்திருந்தார்கள்.

ஒரு மரம் குறைகிறது

மேலே போவதற்கு முன் ஒரு திருத்தம். றொசல்ல ஸ்டேஷனில் நான் டிக்கெட் கொடுத்த காலத்தில் மேடையோரம் ஏழு சவுக்கு மரங்கள் நின்றதாகச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் அச்சாகியிருந்தது. எட்டு மரங்கள். நான் எழுதிக் கொடுத்ததும் எட்டுதான். ஒன்றைப் பத்திரிகை அலுவலகத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

சின்ன விஷயம் என்பீர்கள். டிக்கெட் கொடுத்தவனுக்கு ஒன்று குறைந்தால் சோறு இறங்காது. வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் முடக்குகளை எண்ணுவேன், கோயிலில் விளக்குகளை எண்ணுவேன். என் மனைவி பாக்கியம் தோசை சுடும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். "எண்ணாம சாப்பிடுங்க, வயித்துல ஒட்டாது" என்பாள்.

குடைக்கல்லில் பூக்கிற கல்லுத்தும்பையையும் அப்படித்தான் எண்ணத் தொடங்கினேன். மழை பிடித்துக்கொண்டதும் பாறை முகத்தில் ஒட்டினாற்போல வட்ட இலைகள் விரியும். அதிலிருந்து நூல் போன்ற காம்பு நீண்டு, நுனியில் வெளிர் சிவப்புப் பூ ஒன்று ஆடும். மழைத்துளி பட்டால் குனிந்து நிமிரும்.

என் சட்டையின் வலது பையில் நூறு தேயிலைக் கொட்டைகள் வைத்திருப்பேன். ஒரு செடிக்கு ஒரு கொட்டை, வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும். எந்த வருடமும் எண்பத்தாறைத் தாண்டியதில்லை. சில வருடங்களில் எழுபதுக்கும் கீழே. புல் ஏற ஏறச் செடி குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கவலையில் எனக்கு எத்தனை இரவு தூக்கம் போனது என்று பாக்கியத்தைக் கேளுங்கள்.

சிவப்பு மைப் புள்ளிகள்

போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் நில அளவைக்காரர்கள் வந்து பாறையில் சிவப்பு மையால் புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். பதினொரு புள்ளிகள். பாறையை உடைத்துத் தெருவுக்குக் கல் எடுக்க யாரோ அனுமதி கேட்டிருக்கிறாராம்.

குடைக்கல்லுக்கு நேர் கீழே எங்கள் லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருபத்திரண்டு வீடுகள். பாறை இடுக்கிலிருந்து கசிகிற தண்ணீர்தான் லயத்து மூலையில் மூங்கில் வழியாக விழுகிறது. அதைப் பீலி என்போம். குடிக்கவும் குளிக்கவும் பிள்ளைகளைக் கழுவவும் அது ஒன்றுதான். பாறைக்கு வெடி வைத்தால் பீலி நின்றுவிடும். பாறை எந்தப் பக்கம் உருளும் என்பதற்கும் யாரும் பொறுப்பில்லை.

எங்கள் தலைவர் மருதை எல்லா வாசலும் ஏறி இறங்கினார். தொழிற்சங்கத்திலும் கோயிலிலும் அவர்தான் தலைவர். கை வீசிப் பேசுகிற மனிதர். எல்லா வாசலிலும் ஒரே பதில்: அது பாறைதானே.

வழி காட்டியது அந்தப் பூதான். மலையேற வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, மழையில் மண்டியிட்டுப் படம் எடுத்தார்கள். நம் மலைநாட்டில் இது தண்ணீர் ஓடுகிற சில பாறைகளில் மட்டும்தான் இருக்கிறது, இப்படி மொத்தமாகப் பார்த்ததே இல்லை என்றார்கள். இந்தச் செடி இருக்கிற பாறையைப் பாதுகாக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்று சொன்னதும் அவர்கள்தான். விண்ணப்பித்தோம். செடிக்கு ஒருவர், பாறைக்கு ஒருவர் என்று இரண்டு அதிகாரிகள் வருவார்கள், அவர்கள் சொல்வதைப் பொறுத்துத்தான் முடிவு என்று பதில் வந்தது.

வருகிற நாள் சித்திரைக்கு முன்னே என்றார்கள். அதுதான் வினை. அது வெயில் காலம். கல்லுத்தும்பை பூவை உதிர்த்து, இலையைச் சுருட்டி, இருக்கிற இடம் தெரியாமல் கிடக்கிற மாதம்.

தொரை வருகிற நாள்

இங்கே என் அப்பா சொன்ன ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் கொழும்பிலிருந்து பெரிய தொரை தோட்டம் பார்க்க வருகிறார் என்றால் அந்த வாரம் கொழுந்து பறிப்பது பாதிதான். மீதிப் பேர் துப்புரவுக்கு. தண்ணீர் ஓடுகிற கான் வெட்டி, புல் செதுக்கி, தெருவோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். மரத்துக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு. ஒருமுறை தெருவோரப் புல்லை மண் தெரியச் செதுக்கிவிட்டார்கள். தொரை காரில் போய்த் திரும்பினார். அன்று மாலை பெய்த மழையில் புல் இல்லாத ஓரம் சரிந்து, அவர் போன தெருவே கானுக்குள் போய்விட்டது.

அப்பா இதைச் சிரித்துக்கொண்டு சொல்வார். கேட்கிற நாங்களும் சிரிப்போம். பிறகு தீபாவளிக்கு வாசல் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம்.

பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் கை சும்மா இருக்காது. அது பயமா மரியாதையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அழுக்காக இருந்தோம் என்று வந்தவர்கள் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நான் மகள் வீட்டுக்குப் புறப்படும் முன் கோயிலில் எல்லோரையும் கூட்டிச் சொல்லித்தான் இருந்தேன். கல்லுத்தும்பையை யாரும் தொடக்கூடாது என்று மூன்று தரம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். யாருமே பொய்யாக ஆட்டவில்லை.

பாதி சவரம்

மூச்சிரைக்க ஏறினேன். பாறைக்கடியில் ஆண்களும் பெண்களுமாக முப்பத்தொரு பேர். எல்லார் முகத்திலும் அப்படியொரு பெருமை. மருதை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"வாங்கய்யா! எப்புடி இருக்கு நம்ம கல்லு? நேத்துக் காலையில புடிச்சது, பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சிட்டோம்ல."

"மருதை, கல்லுத்தும்பை எங்கப்பா?"

"அது இப்ப ஏதுங்கய்யா? ஒரு பூ இருந்தாலும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் எறக்கினேன். பூவே இல்ல. வெறும் பாசியும் காஞ்ச புல்லுந்தான். அதத்தான் சொரண்டினோம்."

அவர் சொன்னது நியாயம்தான். பூ இல்லாத கல்லுத்தும்பையை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. அந்த நியாயத்தால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன்.

"ஐயாவுக்குச் சந்தோசத்துல தலை சுத்திருச்சு" என்று ஒரு பெண் சொன்னாள். சிரித்தார்கள்.

மருதையின் கண் அப்போது பாறையின் இடது ஓரத்துக்குப் போனது. மேலிருந்து கீழ்வரை ஓர் ஆள் அகலத்துக்குப் பச்சை அப்படியே இருந்தது.

"ஏய் செல்லமுத்து! இது என்ன மச்சான், பாதி சவரம் பண்ண மூஞ்சி மாதிரி? ஆளுங்க வர்ற நேரத்துல மானத்த வாங்குற!"

செல்லமுத்து கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டி, மறுபடி துளிர்க்க விடுகிற வேலை. முந்தின நாள் பாறையின் இடது பக்கம் அவர் பங்கு.

"முடிச்சிட்டேன் மச்சான். அது விட்டது."

"விட்டதுன்னா?"

"கவ்வாத்துல ஒரு கொப்ப விட்டுத்தானே வெட்டுறோம். மொத்தமா வெட்டினா மரம் எப்புடி மூச்சு விடும்? கை அப்புடியே பழகிருச்சு."

"இது தேயில மரமாடா? கல்லு! கல்லு எங்கடா மூச்சு விடுது?"

"ஒனக்குக் கேக்காட்டி விடலன்னு ஆயிருமா?"

எல்லோரும் சிரிக்க, மருதைக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டையோடு சுரண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பச்சைக்குப் போனார். கையிலிருந்த குடையை எறிந்தேன். அவர் மேல் படவில்லை, சுண்ணாம்பு வாளியில் விழுந்து வாளி கவிழ்ந்தது. வெள்ளைச் சட்டை இன்னும் வெள்ளையாயிற்று.

"என்னங்கய்யா இது!"

"தொட்டுறாதே!" என்றேன். நாற்பது வருடம் ரயில் வந்தபோதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை.

மண்டியிட்டுப் பார்த்தேன். பாசிக்குள் இலைகள் சுருண்டு கிடந்தன. கசிகிற தண்ணீர் அங்கே மட்டும் நிற்காமல் ஓடியதால் இரண்டு செடிகளில் காலம் தவறிய பூவும் இருந்தது. கொட்டைகளை எடுத்தேன். பதினான்கு.

கீழே ஜீப் சத்தம் கேட்டது.

செடி மிஸ்ஸும் கல்லு மாத்தயாவும்

செடிக்காக வந்தவர் தில்ருக்‌ஷி என்ற சின்ன வயதுப் பெண். சிங்களத்தில் யோசித்துத் தமிழில் பேசினார். லயத்தில் எல்லோருக்கும் அவர் செடி மிஸ். பாறைக்காக வந்தவர் நஸீர், ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. சிங்களத்தில் ஐயாவை மாத்தயா என்பார்கள், அவர் கல்லு மாத்தயா.

செடி மிஸ் பாறையை அடிமுதல் நுனிவரை பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த மருதையின் முகம் சுருங்கிப்போனது.

"மிஸ், நீங்க வர்றீங்கன்னுதான் சுத்தம் பண்ணோம்."

"தெரியுது" என்றார் அவர்.

அதே நேரத்தில் பாறையின் வலது பக்கத்திலிருந்து, "சுபஹானல்லாஹ்! இங்க வாங்க, எல்லாரும் இங்க வாங்க!" என்று கல்லு மாத்தயா கூப்பிட்டார்.

போனோம். அத்தனை காலம் பாசி மூடியிருந்த பாறையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். நேர்க்கோடுகள் அல்ல. ரொட்டிக்கு மா பிசைந்து மடித்தது போல, மடிப்புக்குள் மடிப்பாக வளைந்து திரும்பின. நடுநடுவே மிளகளவு சிவப்புக் கற்கள்.

"பூமிக்கு அடியில எவ்வளவோ ஆழத்துல வெந்து, மடங்கி, பொறகு மேல வந்த கல்லு இது. இந்த மடிப்ப இவ்வளவு தெளிவா நான் பார்த்ததில்ல. கழுவினது யாரு?"

மருதைக்கு உயிர் வந்தது. "நாங்கதான் மாத்தயா!"

"என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஐம்பது கோடி வருசத்துக்கு மேல மடங்கியிருக்கும். கூடக் குறைய."

"கூடவா, குறையவா?"

அவர் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். பைகளோடு பின்னால் மெதுவாக ஏறி வந்திருந்த பாக்கியம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அதன்பிறகு மாத்தயாவுக்கும் மிஸ்ஸுக்கும் வாக்குவாதம். பாறையை இப்படியே சுத்தமாக வைக்க வேண்டும் என்று அவர். இப்படி இருந்தால் செடி வராது, மூடவிட வேண்டும் என்று இவர். சிங்களத்தில் தொடங்கி இங்கிலீசுக்குப் போனார்கள். நாங்கள் முப்பத்துமூன்று பேரும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தோம். இருவரும் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டால் பாறையை உடைக்க வருகிறவனுக்குத்தான் கொண்டாட்டம்.

நான் செடி மிஸ்ஸைக் கூட்டிப்போய் இடது ஓரத்துப் பதினான்கைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"யாரு இதை விட்டது?"

முப்பது கைகள் செல்லமுத்துவைக் காட்டின. அவர் திட்டுக் கேட்கத் தயாராகத் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நல்லது செய்தீங்க" என்றார் மிஸ்.

செல்லமுத்து மருதையைப் பார்த்தார். கக்கத்துத் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"சுரண்டினது எங்கே போட்டீங்க?" என்று மிஸ் அடுத்துக் கேட்டார்.

கானோரம் குவித்திருந்தார்கள். அவர் அந்தக் குப்பையில் கையை விட்டு அளைந்தார். பயறளவு உருண்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கிழங்கு. வெயில் காலத்தில் கல்லுத்தும்பை அதற்குள்தான் தூங்குகிறதாம். பாறை இடுக்குகளிலும் இன்னும் இருக்கும், குப்பையிலும் இருக்கிறது. காய்வதற்குள் பொறுக்கி இடுக்குகளில் வைத்தால் மழைக்கு வரலாம்.

"வரலாமா, வருமா?" என்றேன்.

"வரலாம்" என்றார். "பாறையைக் காப்பாத்தச் சொல்லி எழுதப் பதினாலு பத்தாது, ஐயா. ஆனா மழைக்கு நான் திரும்ப வாறேன்."

கல்லு மாத்தயா தன் பங்குக்கு ஒன்று செய்தார். இந்த மடிப்பை முழுதாக ஆராயும் வரை பாறையில் யாரும் கை வைக்கக்கூடாது என்று அன்றே எழுதி அனுப்புவதாகச் சொன்னார். மழைவரை எங்களுக்குத் தவணை கிடைத்தது அதனால்தான்.

"நாங்க கழுவலன்னா அவருக்குக் கோடு தெரிஞ்சிருக்குமா?" என்று மருதை இன்றுவரை கேட்கிறார்.

குப்பையில் பொறுக்கியது

அன்று மாலைக்குள் லயமே அந்தக் குப்பையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. கொழுந்து பறித்துப் பழகிய விரல்கள், மண்ணில் கிழங்கு பொறுக்குவதைப் பார்க்க வேண்டுமே. நான் ஒன்று எடுப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள் ஐந்து எடுத்தாள்.

அடித்த சுண்ணாம்பை அடித்தவர்களே பீலித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார்கள். அது செடிக்கு ஆகாது என்று மிஸ் சொல்லியிருந்தார். ஜீப் ஏறுமுன் இருவரும் ஒத்துக்கொண்ட பங்கு இது: வலது பக்கக் கோடுகள் கல்லு மாத்தயாவுக்கு, அதை வருடம் ஒருமுறை தண்ணீரும் தும்புத்தடித் துடைப்பமும் மட்டும் கொண்டு கழுவுவது. இடது பக்கமும் எல்லா இடுக்குகளும் மிஸ்ஸுக்கு, அதைத் தொடவே கூடாது. கிழங்குகளை இடுக்கில் வைத்து ஈரப் பாசியால் அமுக்கியது செல்லமுத்துவும் மருதையும். சேர்ந்துதான் செய்தார்கள்.

பிறகு காத்திருந்தோம். சித்திரை போனது. வைகாசியில் மழை பிடித்தது. நான் தினமும் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குடையில் சுண்ணாம்புக் கறை இன்னும் போகவில்லை. பாறை வெறுமையாகக் கிடந்தது. "நீங்க போயிப் போயி மொறைச்சா அது பயந்துகிட்டு எப்புடி வெளிய வரும்?" என்றாள் பாக்கியம்.

முளைக்காது என்று முடிவு செய்து, யார் யார் மேல் பழி போடலாம் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அந்த வரிசையை இங்கே எழுதப் போவதில்லை.

ஆனி மாதம்

ஆனியில் ஜீப் வந்தது. மிஸ் மட்டும் இல்லை, கல்லு மாத்தயாவும் வந்தார். ஜீப்பின் பின்னால் ஒரு பலகை. மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: பாதுகாக்கப்படும் பாறை, உடைப்பதோ செடி பிடுங்குவதோ கூடாது. கடைசி ஆணை வரக் கொஞ்ச நாள் ஆகும், ஆனால் கல் உடைக்க அனுமதி கேட்டவரின் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்றார் மாத்தயா. மருதை பலகைக்கு மாலை போடப் பார்த்தார். தடுத்தோம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மிஸ்ஸும் நானும் பாறையடிக்குப் போனோம். பத்து நாளாகக் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நான் பார்க்க வந்திருக்கவில்லை.

இலைகள் விரிந்திருந்தன. இடது ஓரத்தில் மட்டும் இல்லை. இடுக்கு இடுக்காக, சுரண்டியும் போகாத சிவப்பு மைப் புள்ளிகளைச் சுற்றி, மேலே குடை வளைவு வரை. புல் போனதால் வெளிச்சம் கிடைத்திருக்கிறது என்றார் மிஸ். காம்புகள் எல்லாம் மழைக்குக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன.

எண்ணத் தொடங்கினேன். வலது பையிலிருந்து இடது பைக்கு. எண்பத்தாறைத் தாண்டினேன். மிஸ் குடையை என் தலைக்கு மேல் பிடித்திருந்தார், தான் நனைந்துகொண்டு. நான் பாறையின் பாதியைக்கூடத் தாண்டவில்லை, விரல்கள் பைத் துணியைத் தடவின. வலது பை காலி.

கீழே பீலியில் குடம் வைத்துக்கொண்டிருந்த பாக்கியம் கத்தினாள்.

"எத்தனைங்க?"

"கொட்டை தீந்துருச்சு!" என்று நானும் கத்தினேன். "இன்னும் கொஞ்சம் பொறுக்கிட்டு வா!"

மழையில் கொட்டை பொறுக்கச் சொல்கிற மனுசனைக் கட்டிக்கொண்ட கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தேயிலை மரத்தடியில் குனிந்தாள்.